முதல் சான்றிதழுக்குப் பணம் கட்டும் முன்

சென்ற மாதம் மதுரையிலிருந்து அக்கா மகள் ஒரு தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். அவள் மின்னணுப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறாள். அது ஒரு பயிற்சி நிலையம் கொடுத்த கட்டண விவரம். ஏ பிளஸ், நெட்வொர்க் பிளஸ், சி.சி.என்.ஏ., செக்யூரிட்டி பிளஸ், எத்திக்கல் ஹேக்கிங் ஆகிய ஐந்து சான்றிதழ்களையும் ஒரே தொகுப்பாக எட்டு மாதத்தில் முடித்துத் தருவதாக அதில் அச்சிட்டிருந்தார்கள். படத்தின் கீழே, "சித்தி, இதுல எதை முதல்ல எழுதணும்? எல்லாத்தையும் எழுதணுமா?" என்று கேட்டிருந்தாள். அவளிடம் தொலைபேசியில் சொன்னவற்றையே இங்கே இன்னும் விரிவாக எழுதுகிறேன். நெட்வொர்க் துறைக்கோ சைபர் பாதுகாப்புத் துறைக்கோ வர விரும்பும் மாணவர்கள் பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி இதுதான்.

இதற்குப் பதில் சொல்லும்போதெல்லாம் 2013-ஆம் ஆண்டு என் நினைவுக்கு வந்துவிடுகிறது. படிப்பு முடிந்த கையோடு, அப்பா தம் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்த பணத்தைக் கட்டி, சென்னையில் ஒரு நிலையத்தில் எத்திக்கல் ஹேக்கிங் வகுப்பில் சேர்ந்தேன். ஆறு மாதத்தில் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை இயக்கக் கற்றுக்கொடுத்தார்கள். எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்தத் திரை வரும் என்பது எனக்கு மனப்பாடமாகத் தெரியும். பிறகு ஒரு நேர்காணலில், "ஒருவருடைய லேப்டாப்புக்கு 169.254 என்று தொடங்கும் ஐ.பி. முகவரி வந்திருக்கிறது, என்ன நடந்திருக்கும்?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. முகவரி வழங்க வேண்டிய டி.எச்.சி.பி. சர்வரை அந்தக் கணினியால் எட்ட முடியவில்லை, அதனால் தனக்குத் தானே ஒரு முகவரியை வைத்துக்கொண்டது என்பதுதான் விடை. நெட்வொர்க்கின் அரிச்சுவடி அது. அரிச்சுவடியைக் கற்காமலே காவியத்தை விமர்சிக்கும் வகுப்புக்குப் பணம் கட்டியிருந்தேன் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பணம் திரும்பி வரவில்லை. அதைச் சேர்க்க அப்பாவுக்கு எவ்வளவு காலம் பிடித்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கேள்வியை நான் ஒருபோதும் அலட்சியமாக எடுத்துக்கொள்வதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெட்வொர்க் வேலைக்குப் போக நினைத்தாலும் பாதுகாப்பு வேலைக்குப் போக நினைத்தாலும், கையில் உள்ள பணமும் நேரமும் ஒரே ஒரு தேர்வுக்குத்தான் போதும் என்றால், அந்தத் தேர்வு, நெட்வொர்க் கருவிகளைத் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ.வாக இருக்கட்டும். பாதுகாப்புச் சான்றிதழ் அதன் பிறகு வரட்டும்.

பாதுகாப்புத் துறைக்குப் போக விரும்புபவர் ஏன் நெட்வொர்க்குகளை ஒன்றோடொன்று இணைக்கும் ரவுட்டரையும், ஒரு நெட்வொர்க்குக்குள் கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச்சையும் படிக்க வேண்டும் என்று அக்கா மகளும் கேட்டாள். பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில் முதல் நிலை ஆய்வாளராகச் சேர்பவரின் ஓர் இரவு ஷிப்டை நினைத்துப் பாருங்கள். நிறுவனத்தின் உள்ளே இருக்கும் ஒரு கணினி, வெளியில் உள்ள ஒரே முகவரியை நிமிடத்துக்கு ஒரு முறை பாதுகாப்பான இணையத் தொடர்புக்கு உரிய 443-ஆம் போர்ட் எண்ணில் தொடர்பு கொள்வதாகத் திரையில் ஓர் எச்சரிக்கை வருகிறது. உள்ளே புகுந்த தீநிரல் தன் எஜமானனிடம் கட்டளை கேட்கும் முறை இப்படித்தான் இருக்கும். ஒரு சாதாரண மென்பொருள் தனக்குப் புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று பார்க்கும் முறையும் இப்படியே இருக்கக்கூடும். இரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால் அந்த உரையாடலில் எத்தனை பைட் போயிற்று, எத்தனை வந்தது, அதற்கு முன் எந்தத் தளப் பெயரின் முகவரியைக் கேட்டு டி.என்.எஸ். விசாரணை நடந்தது என்றெல்லாம் தேடிப் பார்க்கத் தெரிய வேண்டும். அதற்கும் முன்பாக, எது அந்தக் கணினி என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். நிறுவனத்தின் எல்லைக் காவலான ஃபயர்வாலைத் தாண்டும் இடத்தில் நேட் என்னும் முகவரி மாற்றம் நடப்பதால், நூற்றுக்கணக்கான கணினிகள் வெளியுலகுக்கு ஒரே முகவரியாகத்தான் தெரியும். ஆகவே மாற்றம் நடந்த பதிவைப் பார்த்து உள்முகவரியைக் கண்டறிந்து, அந்த முகவரி அந்த நேரத்தில் யாருடைய கணினிக்கு வழங்கப்பட்டிருந்தது என்று டி.எச்.சி.பி. பதிவில் தேடி, அது எந்த ஸ்விட்ச்சில் கேபிள் செருகும் எந்தத் துளையில் இணைந்திருக்கிறது என்பது வரை போக வேண்டும். பாதுகாப்பு என்று பெயர் பெற்ற இந்த வேலையில் முக்கால் பங்கு நெட்வொர்க் அறிவுதான்.

சி.சி.என்.ஏ. 1998-இல் சிஸ்கோ தொடங்கிய சான்றிதழ். இடையில் ரவுட்டிங், பாதுகாப்பு, வயர்லெஸ், குரல் எனப் பல கிளைகளாகப் பிரிந்திருந்தது. அதற்கு முந்தைய படியாக சி.சி.இ.என்.டி. என்ற ஒரு சிறிய சான்றிதழும் இருந்தது. 2020 பிப்ரவரியில் கிளைகளை எல்லாம் எடுத்துவிட்டு, 200-301 என்ற எண் கொண்ட ஒரே தேர்வாக ஆக்கினார்கள். அந்தச் சிறிய சான்றிதழும் அப்போது நிறுத்தப்பட்டது. இன்றும் பழைய கையேடுகளை விற்பவர்கள் இருக்கிறார்கள். பாடப் புத்தகத்தை வாங்கும்போது அட்டையில் 200-301 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தேர்வு 120 நிமிடம். கட்டணம் 300 அமெரிக்க டாலர், அதற்கு மேல் வரி. ஒரு கேள்விக்குப் பதில் கொடுத்து அடுத்ததற்குப் போய்விட்டால் மீண்டும் பின்னால் வர முடியாது. முதல் சுற்றில் தெரிந்ததை எழுதிவிட்டு மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பள்ளியிலிருந்து பழகி வந்த நமக்கு இது பெரிய மாற்றம். அதனால் வீட்டில் மாதிரித் தேர்வு எழுதும்போதே பின்னால் திரும்பாமல் எழுதிப் பழக வேண்டும்.

பாடத்திட்டத்தில் ஐ.பி. இணைப்பு, அதாவது ரவுட்டிங், 25 விழுக்காடு. நெட்வொர்க் அடிப்படைகளுக்கு 20, ஸ்விட்ச், ஒரே ஸ்விட்ச்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் விலான், வயர்லெஸ் அடங்கிய அணுகல் பகுதிக்கு 20, பாதுகாப்பு அடிப்படைகளுக்கு 15, ஐ.பி. சேவைகளுக்கு 10, தானியக்கத்துக்கு 10. பாதுகாப்புக்கு 15 மட்டும்தானா என்று தோன்றலாம். ஆனால் அந்த 15-க்குள் அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல், போலி டி.எச்.சி.பி. சர்வரைத் தடுக்கும் முறை, ஐ.பி. முகவரிக்கு உரிய வன்பொருள் முகவரியைக் கேட்டறியும் ஏ.ஆர்.பி.யில் நடக்கும் மோசடியைத் தடுக்கும் முறை, வி.பி.என். என்னும் மறைவான இணைப்பு, வயர்லெஸ் குறியாக்கம் எல்லாம் வருகின்றன. இவற்றைப் பாதுகாப்பு வகுப்பில் வரையறையாகப் படிப்பதற்கும், ஒரு ஸ்விட்ச்சில் நாமே கட்டளையிட்டு அது தடுப்பதைக் கண்ணால் பார்ப்பதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு.

சிஸ்கோ கருவிகளை மட்டும் கற்றால் ஒரே நிறுவனத்தின் வட்டத்துக்குள் மாட்டிக்கொள்ள மாட்டோமா என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. என் அனுபவத்தில் அந்த அச்சத்துக்கு இடமில்லை. ரவுட்டர்கள் தமக்குள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் ஓ.எஸ்.பி.எஃப். ஒரு திறந்த தரநிலை. விலானுக்கு அடையாளம் இடும் முறையும் அப்படியே. ஜூனிபர், அருபா, ஃபோர்ட்டிநெட் கருவிகளில் கட்டளையின் சொற்கள் மாறுமே தவிர, பாக்கெட் என்னும் தரவுத் துண்டு போகும் வழி மாறாது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே சிஸ்கோ அல்லாத கருவிகளில்தான் பெரும்பாலும் உட்கார்ந்திருந்தேன். அங்கும் கைகொடுத்தது இந்தப் படிப்புதான்.

பயிற்சிக்காகப் பழைய ரவுட்டர் வாங்க வேண்டியதில்லை. சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் என்ற மென்பொருள் இலவசம். அந்நிறுவனத்தின் பயிற்சித் தளமான நெட்வொர்க்கிங் அகாடமியில் ஒரு கணக்குத் தொடங்கினால் போதும். ஆனால் அதைப் பயன்படுத்தும் முறையில்தான் விஷயம் இருக்கிறது. காணொளியில் காட்டியதை அப்படியே தட்டச்சு செய்து, இணைப்பைச் சோதிக்கும் பிங் போனதும் மூடிவிடுவது பயிற்சி ஆகாது. வேலை செய்யும் ஒரு நெட்வொர்க்கை உருவாக்கிய பிறகு அதைக் கெடுங்கள். ஒரு பக்கம், நெட்வொர்க்கின் அளவைக் குறிக்கும் சப்நெட் மாஸ்க்கை மாற்றுங்கள், வெளியே போகும் வாசலான டிஃபால்ட் கேட்வேயை எடுத்துவிடுங்கள், ரவுட்டர்கள் ஒன்றையொன்று விசாரிக்கும் இடைவெளியான ஓ.எஸ்.பி.எஃப். ஹலோ நேரத்தை ஒரு ரவுட்டரில் மட்டும் கூட்டுங்கள். கெட்டுப்போனது வெளியில் எப்படித் தெரிகிறது, எந்தக் கட்டளை அதைக் காட்டிக்கொடுக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வேலையில் உங்களுக்கு வரும் டிக்கெட் என்னும் புகார்ச் சீட்டில் "சப்நெட் மாஸ்க் தவறு" என்று யாரும் எழுதமாட்டார்கள். "பிரிண்டர் வேலை செய்யவில்லை" என்றுதான் எழுதுவார்கள். அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் பழக்கம் அந்த நோட்டிலிருந்துதான் வரும்.

சப்நெட் கணக்குக்குப் பயப்படுபவர்களுக்கும் ஒரு சொல். 255.255.255.192 என்ற மாஸ்க்கில் 64 முகவரிகள், அவற்றில் முதலும் கடைசியும் போக 62 கணினிகள் என்பது இரண்டின் அடுக்குகளைத் தவிர வேறொன்றும் இல்லை. இதை ஒரே வாரத்தில் விழுங்க முயலாமல், நாளொன்றுக்குப் பத்துக் கணக்கு என்று ஒரு மாதம் போடுங்கள். பேருந்தில் வரும்போது மனத்துக்குள்ளேயே போடும் அளவுக்கு வந்துவிடும். கல்லூரிப் பாடத்தோடு சேர்த்து ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தால், முழுத் தேர்வுக்கும் ஐந்தாறு மாதம் என்பது நியாயமான கணக்கு.

ஏ பிளஸ்ஸும் நெட்வொர்க் பிளஸ்ஸும் காம்ப்டியா என்ற அமைப்பின் சான்றிதழ்கள். ஏ பிளஸ் பெற இரண்டு தேர்வுகளை எழுத வேண்டும். கணினி பழுது, இயங்குதளம், பயனர் உதவி ஆகியவையே அதன் களம். நெட்வொர்க் பிளஸ் எந்த நிறுவனத்தையும் சாராதது. 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள், 900-க்கு 720 எடுத்தால் தேர்ச்சி. இரண்டுமே தரமான பாடத்திட்டங்கள்தான். ஆனால் இந்தியாவில் நான் பார்த்த நெட்வொர்க் வேலை விளம்பரங்களில் சி.சி.என்.ஏ. என்ற பெயர் வரும் அளவுக்கு இவை வருவதில்லை. அமெரிக்காவிலோ கனடாவிலோ இருப்பவர்கள், கணினி உதவி மேசையில் முதல் வேலையைத் தேடுகிறார்கள் என்றால், ஏ பிளஸ்ஸில் தொடங்கலாம். இங்கே இருப்பவர்கள் நெட்வொர்க் பிளஸ் பாடத்திட்டத்தைத் தரவிறக்கி, தமக்குத் தெரியாத தலைப்புகளைக் குறித்துக்கொண்டு படித்தாலே போதும். அந்தப் பாடத்திட்டத்தைப் படிக்கக் கட்டணம் இல்லை.

காம்ப்டியாவின் செக்யூரிட்டி பிளஸ்ஸைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இப்போதைய வடிவம் 2023 நவம்பரில் வந்த எஸ்.ஒய்.0-701. அதுவும் 90 நிமிடம், 90 கேள்விகளுக்கு மிகாதது. 900-க்கு 750 எடுக்க வேண்டும். அமெரிக்காவில் இதற்கு இருக்கும் மதிப்புக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. அந்நாட்டு ராணுவத்தை நிர்வகிக்கும் பாதுகாப்புத் துறையின் கணினிப் பணிகளில் இருப்பவர்களுக்கு, ஒப்பந்த ஊழியர்கள் உட்பட, குறிப்பிட்ட சான்றிதழ்கள் தேவை என்று 8570 என்ற விதியும், அதன் இடத்துக்கு வந்த 8140 என்ற விதியும் சொல்கின்றன. அந்தப் பட்டியலில் செக்யூரிட்டி பிளஸ் இருக்கிறது. அதனால் அங்கிருந்து வரும் காணொளிகளில் இது இல்லாமல் வேலையே இல்லை என்பதுபோலப் பேசுவார்கள். அந்த விதி நமக்குப் பொருந்தாது. இருந்தாலும் இந்தத் தேர்வை நான் மதிக்கிறேன். திரும்பப் படிக்கக்கூடிய குறியாக்கத்துக்கும் திரும்பப் பெற முடியாத ஹாஷிங்குக்கும் உள்ள வேறுபாடு, ஒரு தாக்குதல் நடந்தபின் எடுக்க வேண்டிய நடவடிக்கைகளின் வரிசை, ஆபத்தை மதிப்பிடும் முறை, அணுகல் உரிமையைக் குறைத்தே வழங்கும் கொள்கை ஆகிய அனைத்தையும் ஒரு ஒழுங்கில் கோர்த்துத் தருகிறது. இதற்கு முன் நெட்வொர்க் பிளஸ் அளவிலான அறிவும் இரண்டாண்டு அனுபவமும் இருப்பது நல்லது என்று காம்ப்டியாவே பரிந்துரைக்கிறது. கட்டாயம் இல்லை, பரிந்துரைதான். ஆனால் சி.சி.என்.ஏ. முடித்தவர் இதைப் படிக்கும்போது பாதிப் பாடம் தெரிந்ததாக இருக்கும் என்பதை நான் இரண்டையும் எழுதியவள் என்ற முறையில் சொல்கிறேன்.

செலவில்லாமல் பாதுகாப்புத் துறையின் வாசலை எட்டிப் பார்க்க விரும்புபவர்களுக்கு, பாதுகாப்புச் சான்றிதழ்களை வழங்கும் ஐ.எஸ்.சி.2 அமைப்பின் சி.சி. என்ற தொடக்கநிலைச் சான்றிதழ் உண்டு. 2022-இல் அந்த அமைப்பு பத்து லட்சம் பேருக்குப் பயிற்சியையும் தேர்வையும் இலவசமாகத் தருவதாக அறிவித்தது. பதிவு செய்யும் நாளில் நடப்பு நிபந்தனைகளைப் படித்துவிட்டுச் சேருங்கள். தேர்ச்சி பெற்ற பிறகு சான்றிதழை வைத்துக்கொள்ள ஆண்டுக்கு 50 டாலர் பராமரிப்புக் கட்டணம் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இந்தச் சான்றிதழ் மட்டுமே வேலை வாங்கித் தந்ததாக நான் பார்த்ததில்லை. ஆனால் இந்தத் துறை நமக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்துகொள்ள நல்ல வழி.

கல்லூரி மாணவர்கள் தொடக்கத்திலேயே தொட வேண்டாம் என்று நான் சொல்லும் பெயர்கள் மூன்று. மூத்த பாதுகாப்பு வல்லுநர்களுக்கான சி.ஐ.எஸ்.எஸ்.பி. பெற, அதன் எட்டுக் களங்களில் இரண்டிலாவது மொத்தம் ஐந்தாண்டு பணி அனுபவம் வேண்டும், பட்டம் இருந்தால் அதில் ஓராண்டு கழியும். அனுபவம் இல்லாமல் தேர்வில் வென்றாலும் அசோசியேட் என்ற பெயரோடு காத்திருக்கத்தான் வேண்டும். ஓ.எஸ்.சி.பி., ஊடுருவிச் சோதிக்கும் திறனுக்கான மிகக் கடுமையான செய்முறைத் தேர்வு. 23 மணி 45 நிமிடம் இயந்திரங்களுக்குள் நுழைய முயன்று, அதன் பிறகு அறிக்கை எழுத வேண்டும். அதை வென்றவர்கள் மீது எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. அடிப்படை உறுதியானபின் போக வேண்டிய இடம் அது. எத்திக்கல் ஹேக்கிங் சான்றிதழான சி.இ.எச். நம் ஊரில் மிக அதிகமாக விளம்பரப்படுத்தப்படுவது. அதிகாரப்பூர்வப் பயிற்சி எடுக்காதவர்கள் அதற்கு விண்ணப்பிக்க இரண்டாண்டு அனுபவத்தைக் காட்ட வேண்டும். அந்த அனுபவம் ஏன் கேட்கப்படுகிறது என்பதை யோசித்தாலே, இது முதல் சான்றிதழ் ஆகாது என்பது தெரியும். கட்டணமும் சி.சி.என்.ஏ.வைப் போலப் பல மடங்கு.

உண்மைத் தேர்விலிருந்து கசிந்த கேள்விகளைக் கேள்வித்தாள் தொகுப்பு என்று சொல்லி விற்கும் டம்ப்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தேர்வு எழுதும்போது நாம் ஒப்புக்கொள்ளும் விதிகளுக்கு அது எதிரானது. கண்டுபிடிக்கப்பட்டால் சான்றிதழ் ரத்தாகும், மீண்டும் எழுதவும் தடை வரலாம். அதைவிட வருத்தமான விளைவு ஒன்றை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் குழுவுக்கு ஆள் எடுத்தபோது, மிக உயர்ந்த மதிப்பெண்ணோடு ஓர் இளைஞர் வந்தார். ஒரே சப்நெட்டில் உள்ள இரண்டு கணினிகள் முதன்முறையாகப் பேசும்போது ஏ.ஆர்.பி. என்ன செய்கிறது என்று கேட்டேன். அவரால் சொல்ல முடியவில்லை. அவர் அறிவில்லாதவர் அல்லர். படிக்க வேண்டிய மாதங்களை மனப்பாடத்துக்குச் செலவழிக்கும்படி யாரோ அவருக்கு வழி காட்டியிருந்தார்கள். 2013-இல் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் அன்று அவர் உட்கார்ந்திருந்தார்.

தேர்வுக்குப் பதிவு செய்யும்போது நம் ஊர்க்காரர்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் பெயருக்கு முன் தலைப்பெழுத்துப் போடுகிறோம். பாஸ்போர்ட்டிலோ அந்த எழுத்து விரிந்து, அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக நிற்கிறது. இந்தத் தேர்வுகளை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்தின் மையத்தில் பதிவுப் பெயரும் அடையாள அட்டைப் பெயரும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் தேர்வறைக்குள் விடமாட்டார்கள், கட்டிய கட்டணமும் போய்விடும். முதலில் அடையாள அட்டையைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்துப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். மதிப்பெண் பட்டியலில் வேறு மாதிரி இருக்கிறதே என்ற கவலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சி.சி.என்.ஏ., செக்யூரிட்டி பிளஸ் இரண்டுக்கும் ஆயுள் மூன்று ஆண்டு. அதற்குள் மீண்டும் ஒரு தேர்வு எழுதியோ, தொடர் கல்விப் புள்ளிகள் சேர்த்தோ புதுப்பிக்க வேண்டும். ஆகவே இரண்டாம் ஆண்டிலேயே எழுதிவிட்டு, வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி ஆயுள் கழிந்துவிடுவதைவிட, இறுதியாண்டில் எழுதுவது மேல். இரண்டாவது சான்றிதழை வேலைக்குச் சேர்ந்தபின் எழுதுங்கள் என்றும் அக்கா மகளிடம் சொன்னேன். தேர்ச்சி பெற்றால் தேர்வுக் கட்டணத்தைத் திருப்பித் தரும் நிறுவனங்கள் பல உண்டு. முதல் தேர்வுக்கு வீட்டுப் பணம் போதும். இரண்டாவதும் வீட்டிலிருந்தே வர வேண்டியதில்லை.

அவள் அந்தத் தொகுப்பில் சேரவில்லை. பாக்கெட் டிரேசரை நிறுவிக்கொண்டாள். சென்ற ஞாயிறு இரவு பத்து மணிக்கு அழைத்தாள். இரண்டு ஸ்விட்ச்சுகள், அவற்றை இணைத்துப் பல விலான்களையும் சுமக்கும் ஒரு டிரங்க், விலான் 10-உம் 20-உம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தன. புதிதாக விலான் 30-ஐ அனுமதித்த நொடியில் பழைய இரண்டும் செத்துவிட்டன என்றாள். டிரங்க்கில் எந்தெந்த விலானுக்கு அனுமதி இருக்கிறது என்று காட்டும் கட்டளையை மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். மறுமுனையில் சிறிது நேரம் விசைகளின் ஓசை மட்டும் கேட்டது. "சித்தி, பட்டியல்ல 30 மட்டும்தான் இருக்கு. நான் 'ஆட்'னு போடாம விட்டுட்டேன், அது பழைய பட்டியலையே அழிச்சிட்டு இதை எழுதிடுச்சு." பத்தாண்டு அனுபவம் உள்ளவர்களே நள்ளிரவில் ஓர் அலுவலகம் முழுவதையும் இருளில் ஆழ்த்திவிடும் தவறு அது. அவள் அதைத் தன் அறையில், யாருக்கும் நட்டமில்லாமல் செய்து, தானே கண்டுபிடித்திருந்தாள். நோட்டில் எழுதிவிட்டாயா என்று கேட்டேன். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றாள்.